ஒண்ணே ஒண்ணு

செக்காலை ரோட்டில் அவர்கள் கடை திறந்த அன்று
நாதஸ்வரம் வந்தது.
நடிகை வருவதாக இருந்து வரவில்லை.
மூன்று மாடி, உள்ளே குளிர்,
குழாய்க்குக் குழாய் தனி விளக்கு.

நானும் போய்ப் பார்த்தேன்.
லெமன் ஜூஸ் கொடுத்தார்கள், குடித்தேன்.
ஒரு பித்தளைக் குழாயைத் திருப்பி விலை பார்த்தேன்.
மதுரையில் நான் மொத்தமாக வாங்கும் விலையைவிடப்
பதினோரு ரூபாய் குறைவு.
ஜூஸ் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

முதல் மாதம் புத்தி வேலை செய்யவில்லை,
ரோஷம்தான் செய்தது.
அவர்கள் ஐந்து குறைத்தால் நான் ஆறு.
அவர்கள் பக்கெட் இலவசம் என்றால் நான் மக்.
கல்லுக்கட்டியில் என் பத்தடிக் கடை வாசலில்
கூட்டம் நின்றது.
மாதக் கடைசியில் ஐந்தொகை போட்டேன்,
காசு நிற்கவில்லை.
யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள்.
உமையாள் ஹார்டுவேர்ஸ் குதிரைகூட இல்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி.
வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன்.
பிளம்பர் சேவுகமூர்த்தி ஈரக் கையோடு வந்து
"அக்கா, அரை இஞ்ச் வாஷர். ஒண்ணே ஒண்ணு" என்றான்.
அங்கே பாக்கெட்டில் இருபத்தைந்து, பிரிக்க மாட்டார்கள்,
சிஸ்டத்தில் ஒன்று என்ற எண்ணே கிடையாதாம்.
கதவும் பத்து மணிக்குத்தான்.
இவனோ ஒரு வீட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான்,
மாடியில் யாரோ சோப்பும் கண்ணுமாக நிற்கிறார்.

இரண்டு ரூபாய் வாங்கினேன்.
அன்று முழுவதும் அந்த இரண்டு ரூபாயையே
நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு ஷட்டர்.
வாஷ்பேசின்களை வந்த விலைக்குத் தள்ளினேன்.
காலியான சுவர் முழுக்க டப்பா டப்பாவாக
வாஷர், நிப்பிள், செக்நட், டெஃப்லான் டேப்.
இந்த ஊர் வீடுகளில் குழாய் எந்தச் சுவருக்குள் நுழைந்து
எங்கே வெளியே வரும் என்பது
எந்தக் கம்பெனி கேட்லாக்கிலும் இல்லை.
பழைய மரைக்குப் புதுக் குழாய் ஏறாது,
நடுவில் ஒரு துண்டு வேண்டும்.
அந்தத் துண்டு என்னிடம்.

கோலாலம்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வருவார்கள்.
ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில்
நாலு குழாய் ஒரே நேரத்தில் வாயைப் பிளக்கும்.
வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும்,
இலை போடுவதற்குள் சாமான் வாசலில்.

அவர்கள் பிளம்பர்களுக்குப் பாயிண்ட் கார்டு கொடுத்தார்கள்.
நான் நம்பிக்கை கொடுத்தேன் என்று எழுத ஆசைதான்.
கொடுத்தது சனிக்கிழமை வரை கடன்.
இரண்டு பேர் ஏமாற்றினார்கள்.
ஒருவன் பரமக்குடியில் இருப்பதாகக் கேள்வி.
பேரேட்டில் அவன் பெயரை இன்னும் அடிக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பதினோரு ரூபாய்
செருப்புக்குள் கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.
தீபாவளிக்கு அங்கே ஆஃபர், நபருக்கு ஐந்து குழாய்.
என் வீட்டுக்காரர், கொழுந்தன், டீக்கடை ஜபருல்லா, நான்
நாலு பேரும் நாலு வரிசையில்
ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாக நின்றோம்.
ஜபருல்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
இருபது குழாய் என் கடைக்கு வந்தது.
மதுரை வியாபாரிக்குப் போன் போட்டு
"அண்ணாச்சி, உங்களைவிட மலிவாக ஒருவர் கிடைத்திருக்கிறார்" என்றேன்.
பில்லோடு அவர்கள் கொடுத்த காலண்டர்
என் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.
தேதி எல்லாருக்கும் ஒன்றுதானே.

போன வாரம் அவர்கள் வாசலில் புது போர்டு.
சேவுகமூர்த்தி படம் எடுத்து அனுப்பியிருந்தான்:
"உதிரியாகவும் கிடைக்கும்."

சிஸ்டம் ஒன்று எண்ணக் கற்றுக்கொண்டது.

கொஞ்ச நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
போர்டின் கீழே சின்ன எழுத்தில் நேரம் போட்டிருந்தது.
காலை எட்டு.

அலாரத்தை ஐந்தேகாலுக்கு
மாற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.